கடைமடைத் தண்ணீரில் காதி சோப்பு எடுபடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பு, சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு வேப்பெண்ணெய் அடிப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி எண்ணெய், "எண்ணெய் தண்ணீரில் கரைவதற்காகக் கொஞ்சம் காதி சோப்பு" என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வந்துவிட்டது, மன்னிக்கவும். எங்கே வேண்டுமானாலும் சுருக்குங்கள், தண்ணீரைப் பற்றிய பகுதியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 28 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தியவள் அல்ல. பியூரெட் கழுவுவது, கரைசல் தயாரித்து வைப்பது, பிள்ளைகள் உடைத்ததற்குக் கணக்கெழுதுவது, இவைதான் என் வேலை. ஊர் தலைஞாயிற்றுக்குக் கிழக்கே. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதியே மதகைத் தூக்கினாலும், தஞ்சாவூர், திருவாரூர் எல்லாம் குடித்து முடித்த பிறகு மிச்சம் வந்து எட்டிப்பார்க்கிற கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நாளில் எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும். துணிக்குச் சோப்பு போட்டால் நுரைக்காது, திரிதிரியாக வெள்ளைப் பொருக்கு மிதக்கும்.

என் கொழுந்தனார் மூன்று மா நிலத்தில் (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) சம்பா போட்டிருக்கிறார். மருந்துக்கடைப் பக்கம் போவதில்லை என்று நாலு வருடமாக வைராக்கியம். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் வாங்கிவந்து, காதி சோப்பைக் கத்தியால் சீவிப் போட்டு, போர் தண்ணீரில் குச்சியால் கலக்கி, சாயங்காலமாக அடித்தார். பத்து லிட்டர் தெளிப்பான் டேங்க் ஒன்றுக்குப் பத்து கிராம் சோப்பு இருக்கும். நாலாம் நாள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு எட்டு வயலுக்கு வந்து பாருங்க. பேப்பர்ல போட்டத நம்பி பயிரத் தீச்சுட்டேன்."

போய்ப் பார்த்தேன். வயல் முழுக்கக் கருகவில்லை. இங்கே ஒரு திட்டு, இருபது நடை தள்ளி இன்னொரு திட்டு. ஒவ்வொன்றும் ஒரு கோரைப்பாய் விரித்த அளவு இருக்கும். நடுவில் இருந்த பயிரெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அதிலே புழுவும் இலையைச் சுருட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்தது.

"எத்தனை டேங்க் அடிச்சீங்க தம்பி?"

"பன்னெண்டு."

திட்டுகளை எண்ணினோம். பதினொன்றுதான் வந்தது. பன்னிரண்டாவது எங்கே என்று தேடினால் வரப்பில் கிடைத்தது. கடைசி டேங்கை வரப்பில் நின்று காலி செய்திருக்கிறார், அருகம்புல் கருகிக் கிடந்தது.

அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. டேங்கின் அடியிலிருந்துதான் பம்பு உறிஞ்சுகிறது. எண்ணெய் மேலே மிதந்திருக்கிறது. ஆக, ஒன்பதரை லிட்டர் வெறும் தண்ணீர் போய் வயலெல்லாம் விழுந்து, கடைசி அரை லிட்டரில் மொத்த எண்ணெயும் ஒரே பாய் அளவு இடத்தில் கொட்டியிருக்கிறது. பயிர் கருகாமல் என்ன செய்யும்? சோப்பு போட்டும் ஏன் எண்ணெய் மேலேயே நின்றது என்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் குறிப்பில் விடையில்லை.

முதலில் "கரையும்" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். சோப்பு போட்டாலும் எண்ணெய் கரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து தண்ணீருக்குள் தொங்குகிறது, அவ்வளவுதான். பால் வெள்ளையாக இருப்பது எதனால்? அதில் கொழுப்பு துளித்துளியாகவும் புரதம் பொடிப்பொடியாகவும் பரவி, வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். பாடப்புத்தகத்தில் இதற்குப் பால்மம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். கரைசல் என்றால் ஒரு முறை கலக்கிவிட்டு மறந்துவிடலாம். பால்மத்தை மறக்க முடியாது, அது எந்த நேரமும் பிரிந்துவிடப் பார்க்கும்.

ஏன் பிரியப் பார்க்கிறது? வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் கைகோத்துப் போகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவருக்கு நாலு பக்கமும் சொந்தக் கை. ஓரத்தில் நடக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் சொந்தம், மறுபக்கம் தெரியாத ஆள். அந்தப் பிள்ளையை எல்லாரும் உள்ளே உள்ளே இழுப்பார்கள். தண்ணீர் மூலக்கூறும் அப்படித்தான். எண்ணெயை ஒட்டி நிற்பதற்கு வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளச் சரியான கை இல்லை, அதனால் உள்ளே இழுபடுகிறது. ஓரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி. ரசத்தில் மிதக்கிற எண்ணெய் வட்டம் வட்டமாகவே நிற்பதும், இரண்டு வட்டம் தொட்டால் ஒன்றாகிவிடுவதும் இதனால்தான். எல்லையைச் சுருக்கப் பார்க்கிற இந்த இழுப்புக்கு இடைமுக இழுவிசை என்று பெயர்.

இதற்கு அளவு உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். தண்ணீருக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பானுக்கும் இடையே 50-ஐ ஒட்டி வரும். நம் சமையல் எண்ணெய்களுக்கு 20-லிருந்து 30 வரை. எண்ணெய்க்குள்ளேயே கொஞ்சம் கொழுப்பமிலம் தனியாகக் கிடந்து, அரைகுறையாகச் சோப்பின் வேலையைச் செய்வதால் அங்கே குறைவு. நல்ல சோப்பு, அதற்கு ஏற்ற தண்ணீர் இரண்டும் அமைந்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். பாறையிடுக்கில் ஒட்டிய கச்சா எண்ணெயைக் கழுவி வெளியே தள்ளுவதற்காக இந்த அளவை 0.001 வரைக்கும் இறக்குகிற கலவைகள்கூட உண்டு. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

சோப்பு எப்படி இறக்குகிறது? சோப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, நீளமான வால் ஒன்று. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எல்லைக்கோட்டில் தலையைத் தண்ணீரிலும் வாலை எண்ணெயிலும் வைத்து நின்றுகொள்ளும். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய சம்பந்தி வாசலில் நின்றால் சண்டை எப்படி அடங்குமோ அப்படி. பரப்புச் செயலி என்று பொதுப்பெயர். எல்லை முழுக்க இவை நெருக்கமாக நின்றுவிட்டால் மிச்சம் இருப்பவை தண்ணீருக்குள்ளேயே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, வாலை உள்ளே மறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு போட்டாலும் இழுவிசை பெரிதாக இறங்காது. பற்பசையில் இருக்கிற சோடியம் லாரைல் சல்பேட்டுக்கு, சுத்தமான தண்ணீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராமில் இந்தக் கட்டம் வந்துவிடும். ஒரு பிடி அதிகம் போட்டால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கு, இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டேங்கில் 200 மில்லி எண்ணெய் சும்மா மிதக்கும்போது தண்ணீரோடு தொட்டுக்கொண்டிருக்கிற பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அதையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 120 சதுர மீட்டர். நம் கணக்கில் 9 குழி, ஏறத்தாழ 3 சென்ட். தட்டளவை 9 குழியாக்குவதற்கு நாம் கையால் கலக்கியாக வேண்டும். ஒவ்வொரு அங்குலப் பரப்பு கூடும்போதும் இழுவிசை சுங்கம் கேட்கும். இழுவிசை 25-லிருந்து 5-க்கு இறங்கினால் சுங்கமும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கூடவே, துளியைச் சுற்றிச் சோப்பு தோல் போல நிற்பதால், ஒரு துளி இன்னொன்றோடு மோதினாலும் ஒட்டாமல் விலகும்.

அந்த 9 குழியைப் போர்த்துவதற்கு எவ்வளவு சோப்பு வேண்டும் தெரியுமா? கால் கிராம்கூட வேண்டாம். அதற்கு மேல் தண்ணீரிலேயே தங்குவதற்குக் கொஞ்சம் வேண்டும், அது வேறு. எப்படிப் பார்த்தாலும் கொழுந்தனார் போட்ட பத்து கிராம் தாராளம். ஆனாலும் எடுபடவில்லை.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கல்லூரியில் இழுவிசை அளக்கத் துளி எண்ணும் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அதே தத்துவம்தான். ஆட்டுக்கு மருந்து போடுகிற பெரிய ஊசியை வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, குறட்டால் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைத்தேன். சிரிஞ்சில் கடலை எண்ணெய். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஊசியை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினால் ஊசி முனையில் எண்ணெய்த் துளி ஊதிப் பெருக்கும். எண்ணெய் மேலே போகப் பார்க்கிறது, இழுவிசை அதைப் பிடித்து வைக்கிறது. துளி பெருத்து அந்தப் பிடியை மீறும்போது கழன்று மேலே போகிறது. பிடி வலுவாக இருந்தால் துளி பெரிது, ஒரு மில்லிக்குச் சில துளிகள்தான். பிடி தளர்ந்தால் துளி சிறிது, எண்ணிக்கை அதிகம்.

முதலில் தகரக் கூரையிலிருந்து அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர். ஒரு மில்லி கடலை எண்ணெய் 13 துளியாக வந்தது. அதே மழைத்தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் காதி சோப்பைக் கரைத்துப் பார்த்தேன். துளிகள் கடுகு போலச் சரம் சரமாகக் கிளம்பின. எண்ண உதவிக்கு வந்த கொழுந்தனாரின் பேத்தி 61 என்றாள், எனக்கு 58 வந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் போர் தண்ணீர். வெறும் தண்ணீரில் அதே 13. அதே அளவு சோப்பு போட்ட பிறகு? 16. அவ்வளவுதான்.

பாட்டிலின் ஓரத்தில் தயிர் திரிந்த மாதிரி படிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது சோப்பைத் திரிக்கிற கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை, வேலையில் இருந்த காலத்திலேயே ஒரு முறை ஆய்வகத்தில் தரம்பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 540 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு இந்தியத் தரநிர்ணயம் 200 போதும் என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. அதாவது எங்கள் தண்ணீர் குடிக்கவே "வேறு வழியில்லை" ரகம். தண்ணீரில் இருக்கிற ஒவ்வொரு கால்சியமும் இரண்டு சோப்பு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு கரையாத திரிசலாக ஒதுங்கிவிடும். கணக்குப் போட்டால் எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 3.3 கிராம் சோப்பு, பத்து லிட்டர் டேங்குக்கு 33 கிராம், கால்சியத்துக்கே காணிக்கை. அதற்கு அப்புறம் போடுகிற முதல் கிராம்தான் எண்ணெய்ப் பக்கம் போகும். கொழுந்தனார் போட்டது 10. எண்ணெய்க்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. சோதித்தும் பார்த்தேன்: லிட்டருக்கு 2 கிராம், 3 கிராம் வரை துளி எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, 4 போட்டதும் ஒரேயடியாக ஏறியது. ஏக்கருக்கு 200 லிட்டர் அடிக்க வேண்டுமானால், திரிசலுக்கு மட்டும் 660 கிராம் சோப்பு. சோப்பு விலைக்கு இது கட்டுப்படியாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

வீணாவதோடு போனால்கூடப் பரவாயில்லை. கால்சியம் சோப்புக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்கு ஒரு கால்சியத்தில் இரண்டு வால், ஆகவே தண்ணீரைவிட எண்ணெய் மேல்தான் பிரியம். எண்ணெய்க்குள் தண்ணீரைச் சிறைபிடித்து வைக்கும். இதை நம் வீட்டுக் கிழவிகள் செய்து பார்த்திருக்கிறார்கள். சுண்ணாம்புத் தெளிவு நீரையும் தேங்காய் எண்ணெயையும் அடித்துக் குழைத்தால் வெண்ணெய் மாதிரி திரளும், தீப்பட்ட இடத்தில் அந்தக் காலத்தில் தடவுவார்கள். (இப்போது தடவாதீர்கள், பச்சைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.) அந்த வெண்ணெய் எண்ணெய்க்குள் தண்ணீர் துளித்துளியாக அடைந்த பால்மம்தான், நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். கொழுந்தனாரின் தெளிப்பான் நாசில் இரண்டு முறை அடைத்துக்கொண்டதாம், பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வந்ததாம். அதுவும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

உப்புத் தண்ணீர் வேறு, கடினத் தண்ணீர் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு உப்பு கொஞ்சம் இருந்தால் சோப்பு உடனே திரியாது, நிறைய இருந்தால்தான் பிரிந்து மிதக்கும். சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அப்படித்தான் உப்பைப் போட்டுப் பிரிப்பார்கள். ஆனால் கடற்கரைப் பக்கம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் இருக்கிறது. கடல் ஏறிய நிலத்தடி நீருக்கு அதில் ஒரு பங்கு வந்துதானே தீரும்? மேட்டுப்பக்கம், வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற ஊரில் உங்கள் குறிப்பு அப்படியே பலித்திருக்கலாம். அதனால்தான் உங்கள் குறிப்பைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கும்பகோணத்துக்குச் சரியான யோசனையை வேதாரண்யத்துக்கும் சேர்த்து அச்சடித்துவிட்டீர்கள்.

பாட்டிலும் ஊசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆக்னஸ் போக்கல்ஸ் ஞாபகம் வந்தது. எங்கள் துறையில் ஒரு பேராசிரியை ஒரு நாள் கழுவுத்தொட்டி பக்கத்தில் நின்று இந்தக் கதையைச் சொன்னார். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊர். பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்காத காலம். உடம்பு சரியில்லாத அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர், தகரத் தொட்டியில் தண்ணீர் விட்டு, மேலே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி நகர்த்தி, எண்ணெயும் அழுக்கும் தண்ணீரின் மேற்பரப்பை எப்படித் தளர்த்துகின்றன என்று அளந்திருக்கிறார். 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை ஆங்கிலமாக்க, ராலே அதை 'நேச்சர்' இதழின் ஆசிரியருக்கு அனுப்ப, அதே ஆண்டு மார்ச்சில் அச்சில் வந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் ஒரு பெண்ணின் நீளமான கடிதத்தைப் போட்ட கதை இது, வேறு எந்த உள்நோக்கத்தோடும் இங்கே குறிப்பிடவில்லை.

சரி, கடைமடைக்காரர்கள் என்னதான் செய்வது? விடை எங்கள் புழக்கடையிலேயே இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமை இந்தப் போர் தண்ணீரில் சோப்பு போட்டால் தலையில் பிசுக்கு அப்படியே நிற்கும், சீயக்காய் போட்டால் போய்விடும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், காரணம் மட்டும் யோசித்ததில்லை. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சபோனின். வால் போன்ற எண்ணெய்ப்பசைப் பகுதியோடு சர்க்கரைத் தலைகள் சேர்ந்த மூலக்கூறு. சோப்பு மாதிரி கால்சியத்தைக் கண்டதும் திரிந்துவிடாது. காட்டாமணக்குத் தண்டை ஒடித்து வருகிற பாலில் குச்சியை வளையமாக்கிக் குமிழி ஊதி விளையாடியிருப்போமே, அந்தப் பாலிலும் பரப்பு இழுவிசையைத் தளர்த்துகிற சரக்கு இருப்பதால்தான் குமிழி நிற்கிறது.

ஏழெட்டுப் பூந்திக்கொட்டையை விதை நீக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் ராத்திரி ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, அதைப் போர் தண்ணீரில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து ஊசிச் சோதனை செய்தேன். 34 துளி. மழைத்தண்ணீர் சோப்பு அளவுக்கு இல்லை, ஆனால் 16 எங்கே, 34 எங்கே. இயற்கை வேளாண்மை என்ற கட்டுப்பாடு இல்லாதவர்கள் கடையில் ஒட்டும் திரவம் என்று கேட்டால் டீபால் மாதிரி ஒன்று தருவார்கள், லிட்டருக்கு ஒரு மில்லி. அதன் தலை சோப்பின் தலை மாதிரி இல்லை, சல்போனேட் வகை. கடினத் தண்ணீரிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மழை பெய்த வாரமாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், அண்டாவில் பிடித்த தண்ணீரும் காதி சோப்புமே போதும்.

கலக்குகிற முறையிலும் விஷயம் இருக்கிறது. அரிசி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டும், முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள்வோம் இல்லையா? அதே மாதிரி எண்ணெயையும் பூந்திக்கொட்டைச் சாற்றையும் முதலில் ஒரு வாளியில் தனியாக அடித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மோர் நிறம் வந்த பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும். மார்கழி விடியலில் வேப்பெண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும், வெயிலில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். ஊற்றிய பின் ஒரு டம்ளர் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே மஞ்சள் வளையம் கட்டினால் அடிக்காதீர்கள். நுரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நுரை என்பது காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள சமாசாரம், எண்ணெய் உடைந்ததா என்று அது சொல்லாது.

துணிக்குப் போடுகிற சோப்புத்தூள் வேண்டாம், தண்ணீரை மென்மையாக்கச் சோடா உப்பும் வேண்டாம். வேம்பில் பூச்சியை அடக்குகிற அசாடிராக்டின், காரம் ஏறிய தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். கலக்கியதை அன்றைக்கே அடித்துவிடுவது நல்லது. நெல் இலையில் பனித்துளி முத்து முத்தாக உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் மேல் மெழுகுப் பூச்சு அப்படி. அதில் மருந்து படியவும் பரப்புச் செயலி வேண்டும்தான். அதிகமாகப் போட்டால் மெழுகே கழன்று இலை வாடும், அல்லது மருந்து வழிந்து சேற்றில் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூந்திக்கொட்டைச் சாறு மிஞ்சினால் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், டேங்கையும் அங்கே அலசாதீர்கள். சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். மீன் பிடிக்க இதே மாதிரிக் காய்களை அரைத்துக் குட்டையில் கலக்குகிற பழக்கமே உண்டு. கண்ணில் பட்டாலும் எரிச்சல் தாங்காது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை "கொஞ்சம் காதி சோப்பு" என்று எழுதும்போது எந்தத் தண்ணீருக்கு என்று ஒரு வரி சேருங்கள். வாய்க்கால், மழைத்தண்ணீர் என்றால் சோப்பு, போர் தண்ணீர் என்றால் வேறு. விவசாயி தன் தண்ணீரைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு சின்ன வழியும் போடலாம்: இரண்டு பாட்டில், ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல், பத்து குலுக்கு. போர் பாட்டில் கலங்கித் திரிந்தால் காதி சோப்பை நம்ப வேண்டாம். இதற்கு ஆய்வகமும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம். மண் பரிசோதனைக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைத் தெளிப்புத் தண்ணீருக்கும் வேளாண் துறை காட்டினால் நன்றாக இருக்கும், அதையும் ஒரு மூலையில் எழுதுங்கள்.

கொழுந்தனார் இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அடிப்பதாக இருந்தார். பூந்திக்கொட்டை ஊறப்போட்டிருந்தேன். வியாழன் ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. மழையில் அடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று தள்ளி வைத்திருக்கிறோம். அண்டாவில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிவதால், "காதி சோப்பையே இன்னொரு தடவ பாத்துருவோமா அண்ணி?" என்று இப்போது கேட்கிறார். சரி என்றிருக்கிறேன்.

பெயர் போட வேண்டாம். பயிரைத் தீய்த்த கதை பேப்பரில் வந்தால் அவர் என்னோடு ஒரு மாதம் பேச மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.